காட்டுச் செம்மறியும் காட்டுக் கழுதையும்

பள்ளிக்கூடத்து உபாத்தியாயர்களின் வாயில் அதிகமாக அடிபடும் பிராணி எது என்று கேட்டால், கழுதை என்று தயங்காமல் சொல்லிவிடலாம். இருபது வருஷங்களாக நானும் அந்தப் பட்டத்தை வஞ்சனையின்றி வழங்கி வந்திருக்கிறேன். வீட்டுக் கணக்குப் போடாத பையன் கழுதை. தப்பாகப் போட்டவனும் கழுதை. சரியாகப் போட்டு அடுத்தவனுக்குக் காட்டியவனும் கழுதை. சென்ற வருஷம் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து நின்று, மிகுந்த மரியாதையுடனேயே, "ஸார், கழுதை அவ்வளவு மட்டமான பிராணியா?" என்று கேட்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பதில் சொல்லவில்லை. பதில் எனக்குத் தெரியாது என்பதே உண்மை.

என் தங்கையும் அவள் கணவரும் அமெரிக்காவில், நெவாடா மாகாணத்தில், லாஸ் வேகாஸ் நகரத்துக்கு அருகில் வசிக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு அவர்கள் என்னை அழைத்தபோது, நண்பர்கள் பலரும் அந்த ஊர்ச் சூதாட்ட மாளிகைகளைப் பற்றி எனக்கு எச்சரிக்கை செய்து அனுப்பினார்கள். வாசகர்கள் கவலைப்பட வேண்டாம். தருமபுத்திரருக்கு நேர்ந்த கதி எனக்கு நேரவில்லை. சிநேகிதர் ஒருவர் இரவலாகக் கொடுத்த காமிராவும், 400 மில்லிமீட்டர் லென்ஸும், அந்தப் பையனுடைய கேள்வியுமே நான் கொண்டுபோன மூலதனம். அந்தப் பாலைவன மலைகளில் பெருங்கொம்புச் செம்மறி என்னும் காட்டு ஆடும், 'பர்ரோ' என்று அழைக்கப்படும் காட்டுக் கழுதையும் திரிகின்றன என்று படித்திருந்தேன். இரண்டையும் கண்ணால் கண்டு, படம் பிடித்து வந்து, வகுப்புச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை.

புல்தரையில் தரிசனம்

காட்டு ஆட்டைத் தேடி மலையேற வேண்டியிருக்கும் என்று எண்ணி, நான் புதுப் பாதரட்சை வாங்கி அணிந்திருந்தேன். மாப்பிள்ளையோ மோட்டாரில் அரைமணி நேரம் அழைத்துச் சென்று, போல்டர் ஸிடி என்னும் சிறு நகரத்தின் பூங்கா ஒன்றில் கொண்டு நிறுத்தினார். கொலராடோ நதியின் குறுக்கே ஹூவர் அணையைக் கட்டிய தொழிலாளர்களுக்காக 1931-ம் வருஷத்தில் உண்டாக்கிய ஊர் இது. 726 அடி உயரமுள்ள அந்த அணை 1935-ல் திறந்துவைக்கப்பட்டது. அன்றும் இன்றும் சூதாட்டத்துக்கு இடங்கொடாத ஊர் என்ற பெருமையும் இதற்கு உண்டு.

ஹெமன்வே பூங்கா என்று பெயர். கீழே நீலக் கம்பளம் விரித்தாற்போல் மீட் ஏரி. பின்னால் மொட்டை மலை. நடுவே பச்சைப் புல்தரை. அந்தப் புல்தரையில் இருபது ஆடுகளுக்குக் குறையாமல் மேய்ந்துகொண்டிருந்தன! பக்கத்தில் குழந்தைகள் ஊஞ்சலாடிக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்லின் ருசி கண்டு, மலையிலிருந்து இவை தாமாகவே இறங்கி வருகின்றனவாம்.

கிடாக்களின் கொம்பைப் பார்க்க வேண்டும்! அடி பருத்து, பின்னோக்கி வளைந்து, காதைச் சுற்றிக் கன்னத்தருகே மீண்டும் முன்னோக்கி வந்து நிற்கிறது. மான் கொம்புபோல் இது வருஷந்தோறும் விழுந்து முளைப்பதில்லை. ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொம்பிலுள்ள வளையங்களை எண்ணி வயதைச் சொல்லிவிடுகிறார்கள். பெட்டைக்குச் சிறிய கொம்புதான். குளம்பின் அடியில் மெத்தென்ற சதைப்பற்று இருப்பதால், சுவர்போன்ற பாறையிலும் கால் வழுக்குவதில்லை. 1973 முதல் நெவாடாவின் மாகாண விலங்கு என்ற பதவியும் இதற்கு உண்டு.

அரைமணி நேரத்தில் அறுபது படம் எடுத்துவிட்டேன். ஆயினும் மனம் நிறையவில்லை. படத்தைப் பார்த்த என் மருமகள், பத்து வயதுக் குழந்தை, "மாமா, பின்னாலே குப்பைத் தொட்டி தெரிகிறதே!" என்றாள். காட்டு ஆட்டைக் காட்டில் பார்க்க வேண்டும் என்று அவளும் நானுமாக அன்றே தீர்மானித்தோம்.

கல்லில் எழுதிய ஆடு

மறுநாள், லாஸ் வேகாஸுக்கு வடகிழக்கே சுமார் ஐம்பது மைலில் உள்ள 'நெருப்புப் பள்ளத்தாக்கு'க்குச் சென்றோம். 1935-ல் மாகாணப் பூங்காவான இந்த இடத்தில், மணற்பாறைகள் குங்குமத்தைக் குழைத்துப் பூசியதுபோல் சிவந்து கிடக்கின்றன. அங்கே 'அட்லாட்டில் பாறை' என்று ஒரு பெரும்பாறை. அதன்மேல், கறுத்த மேற்பரப்பைக் கல்லால் கொத்தி, பூர்வகுடி மக்கள் சித்திரம் வரைந்திருக்கிறார்கள். மனிதர், சூரியன், இன்னதென்று விளங்காத சுழிகள். இவற்றினிடையே வளைந்த கொம்புள்ள ஆடுகள்! காமிரா இல்லாத காலத்தில் யாரோ ஒருவன், நான் தேடி வந்த அதே பிராணியைத் தேடி, கண்டு, தன் கையால் கல்லில் பதித்து வைத்திருக்கிறான். அவன் எடுத்த படம் அழியவில்லை. என் படம் எத்தனை நாளைக்கோ?

வெள்ளைக்காரர் மேற்கே குடியேறிய பிறகு இந்த ஆட்டுக்குக் கெட்ட காலம் பிறந்தது. சுரங்கக்காரர்கள் கறிக்காகச் சுட்டார்கள். மற்றவர்கள் கொம்புக்காகச் சுட்டார்கள். துப்பாக்கியைவிடக் கொடியது நோய். குடியேறியவர்கள் ஓட்டிவந்த வீட்டுச் செம்மறிகளிடமிருந்து தொற்றிய நுரையீரல் காய்ச்சல், மந்தை மந்தையாக இவற்றைக் கொன்றது. அந்த அபாயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2013-ல்கூட கலிபோர்னியாப் பகுதிப் பாலைவனத்தில் ஓல்ட் டாட் சிகரத்து ஆடுகளில் பல இந்த நோயால் மடிந்தன.

இந்தப் பிராணி பிழைத்த கதையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பங்கு உண்டு என்று அறிந்தபோது, உபாத்தியாயனாகிய எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிரெடரிக் ரஸ்ஸல் பர்ன்ஹாம் என்று ஒருவர் இருந்தார். ஆப்பிரிக்காவில் பிரிட்டிஷ் சேனைக்கு வேவு பார்த்துப் பெயரெடுத்தவர். அந்தத் தொழிலைப் பற்றி நமக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் இருக்க நியாயமில்லை. ஆனால் முதுமையில் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். 1936-ல் பக்கத்து மாகாணமான அரிஸோனாவின் சாரணச் சிறுவர்களைத் திரட்டி, ஆட்டைக் காப்பாற்றக் கிளர்ச்சி தொடங்கினார். சிறுவர்கள் பள்ளிதோறும் பேசினார்கள், சுவரொட்டி வரைந்தார்கள். அதன் பயனாக 1939-ல் கோபா, கபேஸா பிரீட்டா என்ற இரு சரணாலயங்கள் ஏற்பட்டன. நெவாடாவில் 1936-லேயே ஜனாதிபதி ரூஸ்வெல்ட் ஒரு பெரிய சரணாலயம் அமைத்திருந்தார்.

கழுதைகளின் ராஜபாட்டை

அடுத்த வாரம் ஹூவர் அணையைக் கடந்து, அரிஸோனாவுக்குள் கிங்மன் என்னும் ஊர்வழியாக, ஓட்மன் என்ற மலைக்கிராமத்துக்குப் போனோம். பழைய '66-ம் நம்பர்' சாலை கொண்டை ஊசி வளைவுகளுடன் ஏறி இறங்குகிறது. என் தங்கை கண்ணை மூடிக்கொண்டு கந்த சஷ்டி கவசம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஓட்மன் ஒரு காலத்தில் தங்கம் விளைந்த பூமி. 1915-ல் அங்கே பெரும் தங்கப் பாளம் அகப்பட்டது. ஜனங்கள் ஈபோல் மொய்த்தார்கள். இரண்டாவது மகாயுத்தத்தின்போது, யுத்தத்துக்குத் தங்கம் அவசியமில்லை என்று 1942-ல் சர்க்கார் உத்தரவு போட, சுரங்கங்கள் மூடப்பட்டன. தங்கம் தேடியவர்கள் போய்விட்டார்கள். அவர்களுக்காகச் சுமை சுமந்த கழுதைகளின் சந்ததி மட்டும் தங்கிவிட்டது.

ஊரின் ஒரே தெருவில் அவைதான் ராஜா. நாலடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், சாம்பல் நிறம், முதுகிலும் தோளிலுமாகச் சிலுவை போட்டதுபோல் கறுப்புக் கோடு. ஒரு கழுதை எங்கள் மோட்டாருக்குள் தலையை நீட்டி, என் மருமகளின் முகத்தை நிதானமாக ஆராய்ந்தது. பின்னால் நின்ற வண்டிகள் எல்லாம் பொறுமையாகக் காத்திருந்தன. நம் ஊரில் அது பொதி சுமக்க, பின்னால் ஒருவர் குச்சியுடன் வருவார். இங்கே மனிதர்கள் கைகட்டி நிற்கிறார்கள்!

கழுதையின் பூர்வோத்தரம் பெரிது. வடகிழக்கு ஆப்பிரிக்காவில், ஐயாயிரம் வருஷங்களுக்கு முன்பே மனிதனுக்குத் தோள் கொடுக்கத் தொடங்கிய பிராணி அது. ஸ்பெயின் தேசத்தார் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார்கள். தங்கம் தேடுவோன் கடப்பாறையையும் தண்ணீர்ப் பீப்பாயையும் அதன் முதுகில் ஏற்றி, பாலைவனத்தில் அதை நம்பியே உயிர் வாழ்ந்தான். ரெயிலும் மோட்டாரும் வந்ததும் அவிழ்த்து விரட்டிவிட்டான். வேலைக்காரனுக்குப் பென்ஷன் கொடாத முதலாளியை நாம் எத்தனையோ பார்த்திருக்கிறோம். அதில் இது ஒரு வகை.

விரட்டிய பிறகும் நிம்மதி இல்லை. நாய்த் தீனிக்காகக் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் மோட்டாரிலும் ஆகாய விமானத்திலும் துரத்திப் பிடித்தார்கள். 1950-ல் நெவாடாவின் ரீனோ நகரத்தில் வெல்மா ஜான்ஸ்டன் என்ற மாது, காரியாலயத்துக்குப் போகும் வழியில், ஒரு லாரியிலிருந்து இரத்தம் சொட்டுவதைக் கண்டார். பின்தொடர்ந்து போய்ப் பார்த்தால், உள்ளே கசாப்புக்குப் போகும் குதிரைகள். அன்று முதல் அந்த அம்மாள் ஓயவில்லை. பரிகாசம் செய்தவர்கள் 'காட்டுக் குதிரை ஆனி' என்று பெயர் வைத்தார்கள். அதையே அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார். அவருக்குப் படையாக வந்தவர்கள் யார்? பள்ளிக்கூடத்துக் குழந்தைகள்! அமெரிக்கச் சட்டசபைக்கு மூட்டை மூட்டையாகக் கடிதம் எழுதினார்கள். 1959-ல் மோட்டார் கொண்டு வேட்டையாடுவது தடுக்கப்பட்டது. 1971-ல் காட்டுக் குதிரைகளையும் கழுதைகளையும் பொதுநிலங்களில் பாதுகாக்கும் சட்டமே நிறைவேறியது.

ஓர் ஊற்று, இரு கட்சி

ஓட்மனில் ஒரு கிழவர் கடை வைத்திருக்கிறார். என் ஆசையைச் சொன்னதும் அவர் சிரித்தார். "இந்த மலையில் ஆடும் இருக்கிறது, கழுதையும் இருக்கிறது. ஊரிலோ ஆட்டுக் கட்சி, கழுதைக் கட்சி என்று இரண்டு கட்சி இருக்கிறது. நீர் எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

ஆட்டுக் கட்சி சொல்வது இது: ஆடு இந்த மண்ணுக்கு உரியது, கழுதை வந்தேறி. கழுதை புல்லைத் தின்கிறது, ஊற்றைக் கலக்குகிறது. கழுதை நிற்கும் தண்ணீருக்கு ஆடு வரக் கூசுகிறது. தடுக்காவிட்டால் கழுதை மந்தை நாலைந்து வருஷத்தில் இரட்டித்துவிடும். ஆகையால்தான் சர்க்கார் அவ்வப்போது கழுதைகளைப் பிடித்து, வளர்க்க விரும்பும் குடும்பங்களுக்குக் கொடுக்கிறது. கிராண்ட் கான்யன் பள்ளத்தாக்கில் 1980-ல் கழுதைகளைச் சுட்டுத் தீர்ப்பதாக இருந்து, பிராணி அன்பர்கள் தலையிட்டு, ஐந்நூற்றுக்கு மேற்பட்டவற்றை ஹெலிகாப்டரில் தொங்கவிட்டு உயிருடன் வெளியேற்றினார்கள்.

கழுதைக் கட்சிக்கும் வாதம் உண்டு. வறண்ட ஆற்றுமணலைக் கழுதை முன்னங்காலால் தோண்டி, ஆளுயரம் வரையிலுங்கூட ஆழமாகக் குழி பறித்து, நீர் காண்கிறது. அந்த நீரைப் பல பறவைகளும் மிருகங்களும் குடிக்கின்றன என்று 2021-ல் விஞ்ஞானிகள் ஆராய்ந்து வெளியிட்டார்கள். வந்தேறி என்ற பேச்சுக்கும் விடை இருக்கிறது. ஆட்டின் மூதாதையர் ஆசியாவிலிருந்து பனியுக காலத்தில் நடந்து வந்தவர்களே. குதிரை, கழுதை ஆகியவற்றின் ஆதிகுலமோ வட அமெரிக்காவிலேயே பிறந்து, உலகெங்கும் பரவி, சுமார் பத்தாயிரம் வருஷத்துக்கு முன் இங்கு மட்டும் அற்றுப்போனது. யார் சுதேசி, யார் விதேசி?

எனக்குத் தலை சுற்றியது. ஆட்டைக் காத்ததும் பிள்ளைகள்; கழுதையைக் காத்ததும் பிள்ளைகள். காப்பாற்றப்பட்ட இரண்டும் இப்போது ஒரே ஊற்றுக்கு வந்து நிற்கின்றன!

கிழவர் ஓர் ஊற்றுக்கு வழி சொன்னார். கூடவே ஓர் எச்சரிக்கையும் செய்தார். நீர்நிலைக்குக் கால் மைலுக்குள் கூடாரமடித்து, பிராணிகளை அண்டவிடாமல் செய்வது அந்த மாகாணத்தில் சட்டப்படி குற்றம். "காமிராவுடன் உட்கார்ந்தாலும் ஆட்டுக்கு ஒன்றுதான். வெயில் காலத்தில் ஒரு வேளைத் தண்ணீர் தவறினால் குட்டி தாங்காது. தூரத்திலேயே இரும்" என்றார்.

அந்தக் காலை

மறுநாள் இருட்டோடு புறப்பட்டோம். ஊற்றுக்கு எதிர்ச்சரிவில், தூரத்தில், ஒரு பாறையின் நிழலில் மாப்பிள்ளையும் மருமகளும் நானும் பதுங்கினோம். ஆட்டைத் தேடுவதற்கு ஒரு வழி உண்டு. ஆட்டைத் தேடக் கூடாது. அதன் பின்புறத்திலுள்ள வெள்ளைத் திட்டைத் தேட வேண்டும். உடம்பு பாறையின் நிறந்தான். கிழக்கு வெளுக்கையில் குழந்தைதான் முதலில் கண்டாள். "மாமா, அந்த வெள்ளைக் கல் நகருகிறது!" தொலைநோக்கியில் எண்ணினேன்: பெட்டைகள் ஐந்து, குட்டிகள் இரண்டு. மெல்ல இறங்கி வந்துகொண்டிருந்தன.

அப்போது பள்ளத்திலிருந்து ஒரு முழக்கம் கிளம்பியது. கழுதையின் கானத்தை வர்ணிக்க வேண்டிய அவசியம் நம் வாசகர்களுக்கு இல்லை. மூன்று கழுதைகள் வந்தன. அவற்றில் ஒன்று குட்டி. ஊற்றருகே மணலில் பெரியது காலால் பறித்தது. நீர் கசிந்ததும் குடிக்கலாயிற்று. ஆடுகள் மேலேயே நின்றுவிட்டன.

அரைமணி ஆயிற்று, ஒரு மணியும் ஆயிற்று. கழுதைகள் நகரவில்லை. வெயில் ஏறியது. ஆடுகள் காத்திருந்தன. நானும் காத்திருந்தேன். லென்ஸில் பார்த்தால் ஆடுகள் கடுகளவே தெரிந்தன. இன்னும் நூறு கஜம் போனால் அருமையான படம்! வெயில் ஏற ஏறக் கானல் அலைந்து, படம் நடுங்கத் தொடங்கிவிடும். கிழவரின் வார்த்தை காதில் ஒலித்தது. ஆசை அதைவிட உரக்க ஒலித்தது. குனிந்து குனிந்து நகர்ந்தேன்.

முப்பதடிகூடப் போகவில்லை. காலடியில் ஒரு கல் பெயர்ந்து, உருண்டு, மலையெல்லாம் எதிரொலித்தது. ஏழு தலைகளும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. அடுத்த கணம் ஆடுகள் செங்குத்துப் பாறையில் பறந்து ஏறி மறைந்தன. கழுதைகள் தலை தூக்கி என்னைப் பார்த்துவிட்டு, மறுபடி குடித்தன.

நான் அவமானத்துடன் திரும்பி வந்தேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. குழந்தை மட்டும், "அந்தக் குட்டி தண்ணீர் குடிக்கவில்லையே, மாமா" என்றாள். ஒரு மணி நேரமாகக் கழுதை ஆட்டை விரட்டவில்லை. காக்க வைத்தது, அவ்வளவுதான். விரட்டியவன் நான். அதுவும் அதன்மேல் எனக்குள்ள அன்பினால்!

"போய்விடலாம்" என்றேன். பாறைக்குப் பின்னால் சரிந்து இறங்கி, இன்னும் வெகுதூரம் விலகி, வண்டியின் அருகில் போய் உட்கார்ந்தோம். முக்கால் மணி கழித்துத் தொலைநோக்கியை எடுத்தேன். கழுதைகள் போயிருந்தன. பாறை விளிம்பில் ஒரு வெள்ளைத் திட்டு, பிறகு இரண்டு, பிறகு ஏழு. ஆடுகள் ஊற்றை வந்தடைந்தன. ஒரு பெட்டையும் அதன் குட்டியும், கழுதை பறித்த குழியில் தலை கவிழ்த்தன. அங்கிருந்தபடியே ஒரே ஒரு படம் எடுத்தேன்.

*

அந்தப் படம் இப்போது எங்கள் வகுப்புச் சுவரில் இருக்கிறது. கானலில் கலங்கிய ஒரு மலையும், அதில் ஏழு புள்ளிகளும்தான் தெரிகின்றன. பூங்காவில் எடுத்த அழகான படங்களைப் பெட்டியில் வைத்துவிட்டேன். பிள்ளைகள் புள்ளிகளை எண்ணுகிறார்கள்; நான் கதையைச் சொல்கிறேன். நம் மேற்கு மலையிலுள்ள வரையாடு, பெயரில் ஆடானாலும், இரத்த சம்பந்தத்தில் இந்தச் செம்மறிகளுக்கே நெருங்கியது என்று 2005-ல் கண்டுபிடித்ததையும் சொல்கிறேன். ஆகவே இது யாரோ அயலார் வீட்டுக் கதை அல்ல.

ஆட்டுக் கட்சியா, கழுதைக் கட்சியா என்று கிழவர் கேட்ட கேள்விக்கு இன்னும் என்னால் விடை சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும் தண்ணீர் வேண்டும் என்பது மட்டும் தெரிகிறது. மற்றதை ஊற்றின் அளவு அறிந்து, மந்தையின் அளவு அறிந்து, நிதானமாகத் தீர்மானிக்க வேண்டும். கோஷம் போட்டுத் தீர்க்கிற விஷயமல்ல.

ஆனால் ஏழாம் வகுப்புப் பையனுக்கு விடை கிடைத்துவிட்டது. அவன் இப்போது எட்டாம் வகுப்பு. கூப்பிட்டுச் சொன்னேன்: "தம்பி, கழுதை மட்டமான பிராணி அல்ல. வறண்ட மணலில் தண்ணீர் தோண்டத் தெரிந்த பிராணி."

அவன் சற்று யோசித்தான். "அப்படியானால் ஸார், இனிமேல் எங்களைக் கழுதை என்று சொன்னால் நாங்கள் சந்தோஷப்படலாமா?" என்றான்.

அன்று முதல் அந்தச் சொல்லை நான் மிகவும் சிக்கனமாகவே உபயோகித்து வருகிறேன்.